பெரியவ பத்தாங்கிளாஸ், சின்னவன் தொட்டில்ல: பெரிய புள்ள இருந்தா ஈசின்னு யாருங்க சொன்னது?

9 பிப்ரவரி 2025, ஒரு வாசகி கேட்டது

பெரியவனுக்கு 13 வயசு, எட்டாவது படிக்கிறான். எனக்கு இப்ப அஞ்சு மாசம். சொந்தக்காரங்க எல்லாம் "பெரிய புள்ள இருக்கான், தூக்கி வச்சுக்க ஆளிருக்கு, உனக்கென்ன கவலை"ன்னு ஒரே பாட்டு. அவன் என்னடான்னா ஒரு மாசமா எங்கூட முகம் குடுத்தே பேசல. உண்மையிலேயே ஈசி தானா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

10 பிப்ரவரி 2025

ஈசின்னு சொன்னவங்க அட்ரஸ குடுங்க சிஸ்டர், என் பையன ஒரே ஒரு நாளைக்கு அங்க அனுப்பி வைக்கிறேன்.

எங்க வீட்டுக் கணக்கு இதுதான். பெரியவ 2009 ஜூன், சின்னவன் 2023 டிசம்பர். பதினாலரை வருஷ கேப்பு. அவளுக்கு மார்ச் 28 பப்ளிக் எக்ஸாம் ஆரம்பம், அவனுக்கு நடை வந்து மூணு வாரம் ஆகுது, நடைன்னு சும்மா சொல்றேன், ஓட்டம் தான். மதுரைல ரெண்டு ரூம் வாடகை வீடு, மாமியார் கூட இருக்காங்க, நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பாதி நாள் வேலைக்குப் போறேன்.

இன்னிக்கு குடற்புழு மாத்திரை குடுக்குற நாள். அங்கன்வாடில அவனுக்குப் பாதி மாத்திரை, ஸ்கூல்ல அவளுக்கு முழு மாத்திரை. ரெண்டும் அதே அல்பெண்டசோல் தான், ஒண்ணுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் 200 மில்லிகிராம், அதுக்கு மேல 19 வயசு வரைக்கும் 400. கவர்மெண்டே ரெண்டு பேரையும் ஒரே லிஸ்ட்ல தான் வச்சிருக்கு. அவனுக்குப் பொடிச்சு தண்ணில கலந்து குடுத்தாங்க, பாதிய துப்பிட்டான். அவ சாயங்காலம் வந்து பையில இருந்து மாத்திரைய எடுத்து நீட்டுறா, "மென்னு திங்கச் சொன்னாங்க, நாத்தம் அடிச்சுது, வாயில போட்ட மாதிரி போட்டு எடுத்துட்டேன்"னு. இப்ப சொல்லுங்க, இதுல யாரு சின்னப்புள்ள?

என்னையக் கேட்டா ரெண்டும் ஒரே வயசு தான். ஒண்ணு டயபர் நனைஞ்சா அழும், ஒண்ணு நெட் தீந்தா அழும்.

அதே நாள் ராத்திரி

உதவி கிடைக்குமான்னு கேட்டீங்கள்ல, அத விட்டுட்டேன். கிடைக்குது, பொய் சொல்லக்கூடாது. ஹால்ல சீலிங் கொக்கில என் பழைய நூல் சேலைல தொட்டில் கட்டியிருக்கு. தொட்டில் அடியில சேலைக் கிழிசல ஒண்ண கயிறா முறுக்கி கட்டி, அந்த நுனிய பெரியவ தன் கால் கட்டைவிரல்ல மாட்டிக்குவா. மடில சமூக அறிவியல் புக்கு, வாய் முணுமுணுன்னு ஓடும், காலு தன்பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும். கொக்கி கீச்சு கீச்சுன்னு சத்தம் போடும். சத்தம் சீரா வந்தா படிக்கிறான்னு அர்த்தம், வேகமா வந்தா அவன் முழிச்சுட்டான், நின்னுடுச்சுன்னா இவ தூங்கிட்டா. நான் அடுப்படில நின்னுக்கிட்டே சத்தத்த வச்சு சொல்லிடுவேன். எண்ணெய் விடச் சொல்லி அவரு ரெண்டு தடவ சொன்னாரு, நான் தான் விடல.

12 பிப்ரவரி 2025

மூணு பேரு சுத்தி வளைச்சு ஒரே விஷயத்த கேட்டிருக்கீங்க, "பெரிய பொண்ண வச்சுக்கிட்டு..."ன்னு புள்ளி புள்ளியா விட்டு. நானே போட்டு உடைக்கிறேன்.

ஆமா, கூச்சமா தான் இருந்துச்சு. பொண்ணு வயசுக்கு வந்து, மண்டபம் பிடிச்சு சடங்கு வச்சு, என் அண்ணன் தாம்பாளத் தட்டுல சீர் கொண்டாந்து, அந்த ஆல்பத்துல ஒட்டுன பிளாஸ்டிக் கவர கூட இன்னும் பிரிக்கல, எனக்கு நாள் தள்ளிப் போச்சு. எனக்கு அப்ப 38, சரி சீக்கிரமே நிக்கப்போகுது போலன்னு ரெண்டு மாசம் சும்மாவே இருந்துட்டேன். டாக்டரம்மா 35க்கு மேலன்னதும் சுகர் டெஸ்ட்டு, ஸ்கேனுன்னு அடுக்கிட்டாங்க, அது கூட பயம் இல்ல. சொந்தத்துல ஒரு அத்தை "பேரன் எடுக்குற நேரத்துல புள்ள எடுக்குறியே"ன்னு கல்யாண வீட்டுப் பந்தில வச்சுக் கேட்டாங்க பாருங்க, சாம்பார் வாளிய கீழ வச்சுட்டு வந்துட்டேன்.

ஆனா நான் பண்ணுன தப்பு அது இல்ல. அவகிட்ட நான் சொல்லல. இன்னிக்கு சொல்லலாம் நாளைக்கு சொல்லலாம்னு தள்ளிக்கிட்டே போய், கடைசில என் மாமியார் புளி தட்டிக்கிட்டே "உனக்குத் தம்பி பாப்பா வரப்போறான்டி"ன்னு சொல்லிட்டாங்க. நாலாவது மாசம் அப்ப. அவ ஒண்ணும் கேக்கல. ஒன்பதாவது பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு "அப்பா வரட்டும்"னா. ஏன்டின்னா "அப்பாவுக்கு மேத்ஸ் மிஸ்ஸ நல்லா தெரியும்"னா. அந்த மனுஷன் அவளோட ஸ்கூல் வாசல் எந்தத் தெருவுல இருக்குன்னு வழி கேட்டுப் போனாரு.

சிஸ்டர், உங்க பையன் ஒரு மாசமா பேசலன்னு எழுதியிருக்கீங்க. நீங்க உக்காந்து சொன்னீங்களா, இல்ல தானா காதுல விழுந்துச்சா? அத மட்டும் யோசிச்சுப் பாருங்க.

20 பிப்ரவரி 2025

நாளான்னிக்கு சனிக்கிழமைல இருந்து சயின்ஸ் பிராக்டிகல். ரெக்கார்ட் நோட்டுல ரெண்டு பக்கத்த கிழிச்சுட்டான், ஒண்ணு வாயில இருந்துச்சு. அவ அவன ஒரு அடி, நான் அவள ஒரு அடி. மூணு பேரும் அழுது முடிச்சாச்சு. இப்ப எழுத முடியல.

21 பிப்ரவரி 2025

நேத்து எழுதினத படிச்சுட்டு நிறைய பேரு பொண்ண திட்டியிருக்கீங்க, பச்சப்புள்ளைய கை நீட்டலாமான்னு. நிறுத்துங்க. நான் முழுசா சொல்லல.

அந்த நோட்ட அவ பீரோ மேல, அவனுக்கு எட்டாத இடத்துல தான் வச்சிருந்தா. நான் துணி மடிச்சு வைக்கிறப்ப எடுத்து கட்டில்ல போட்டுட்டு மறந்துட்டேன். அவன் தின்னது ஒளிச்சேர்க்கை சோதனை, புனலுக்குள்ள ஹைட்ரில்லா செடி படம், பென்சில்ல நிழல் எல்லாம் குடுத்து வரைஞ்சிருந்தா. செடி தானேன்னு நினைச்சிருப்பான் போல (இப்ப சிரிப்பு வருது, நேத்து வரல). பிராக்டிகலுக்கு 25 மார்க், ரெக்கார்ட் இல்லாம உள்ள போக முடியாது. அவ அழுதுக்கிட்டு அவன முதுகுல ஒண்ணு வச்சா, சத்தம் தான் பெருசு. நான் அவ கன்னத்துல வச்சது சத்தமே வரல, ஆனா அஞ்சு விரலும் தெரிஞ்சுது.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து நான் ஸ்கேல் பிடிச்சேன், அவ வரைஞ்சா. பேசல. நான் தான் "பாப்பா, பால் சுட வைக்கட்டுமா"ன்னேன். "என்னைய பாப்பான்னு கூப்பிடாதீங்க. பாப்பா அங்க தூங்குது"ன்னா.

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியுமோ என்னமோ. எங்க வீட்டுல அவ பேரு ஸ்கூல்ல மட்டும் தான். பதினாலு வருஷமா நான், அவரு, மாமியார், கீழ்வீட்டுக்காரங்க, பால்காரர் வரைக்கும் அவ "பாப்பா" தான். இவன் பொறந்த மறுநாளே ஆஸ்பத்திரில எல்லாரும் "பாப்பா பால் குடிச்சுதா, பாப்பா தூங்குதா"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அவள "பெரியவ"ன்னு சொல்ல ஆரம்பிச்சோம். யாரும் முடிவு பண்ணி செய்யல. நானும் இங்க முத பதிவுல இருந்தே பெரியவ பெரியவன்னு தான் எழுதிட்டிருக்கேன், பாருங்க.

3 மார்ச் 2025

"வீட்டுல ஆபத்தான சாமான எல்லாம் மேல தூக்கி வச்சுட்டா போதும்"னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. ஐயா, ஒரு குழந்தை மட்டும் இருக்கற வீட்டுக்கு அது சரி. டீனேஜ் புள்ள இருக்கற ரூமே ஆபத்தான சாமான் கடை தான். காம்பஸ், பிளேடு, சேஃப்டி பின், நெயில் பாலிஷ், முகப்பரு கிரீம், எங்க பாத்தாலும் ஹேர்பின். கதவ சாத்துடின்னா "உள்ள என்ன பண்றன்னு நீங்க தான கேப்பீங்க"ன்னு பதில் வருது, அதுவும் நியாயம் தான்.

போன வாரம் நடந்தது. அவ ரூம்ல அலங்காரத்துக்கு ஒரு சின்ன எல்இடி விளக்கு, அதுக்குள்ள காசு மாதிரி வட்ட பேட்டரி மூணு. மூடி திறந்து கிடக்கு, ரெண்டு தான் இருக்கு. இவன் பக்கத்துல உக்காந்து என்னமோ மென்னுக்கிட்டு இருக்கான். வாயத் திறந்து பாத்தா முறுக்குத் துண்டு. மூணாவது எங்க? கட்டில் அடி, பாய் அடி, டயபர் உள்ள கூட பாத்தாச்சு. நாப்பது நிமிஷம் கழிச்சு மாமியாரோட வெத்தல உரல்ல கிடந்துச்சு. அவங்க இடிச்சிருந்தா என்ன ஆயிருக்குமோ.

எதிர்வீட்டு நர்ஸ் அக்கா விஷயத்தக் கேட்டு என்னைய வஞ்சாங்க. தேடிட்டு இருந்ததே தப்பாம். அந்த பேட்டரி உணவுக்குழாய்ல மாட்டுனா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ள வெந்து புண்ணாக்கிடும், முழுங்கியிருப்பானோன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா எக்ஸ்ரே இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னாங்க. வேர்க்கடலையும் அப்படித்தான், மூச்சுக்குழாய்ல போய் மாட்டிக்கும், அவ பாசமா அவனுக்குக் கடலை உருண்டை ஊட்டிக்கிட்டு இருந்தா, அதையும் நிறுத்தியாச்சு.

அந்த விளக்க அவளே தூக்கிப் போட்டுட்டா. நான் கேக்கல. "போடாதடி, பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ போட்டுக்கலாம்"னு அப்ப நான் சொல்லியிருக்கலாம்.

16 மார்ச் 2025

தூக்கம் பத்தி கேட்ட தம்பிக்கு. ராத்திரி 12.45க்கு அவ லைட்ட அணைப்பா. காலைல 5.20க்கு அவன் எந்திரிச்சு என் மூக்குக்குள்ள விரல விடுவான். நடுவுல இருக்கறது தான் எனக்கு ராத்திரி.

"சீக்கிரம் படுத்து சீக்கிரம் எந்திரிச்சா என்ன"ன்னு நானும் தினம் கத்துனவ தான். அப்புறம் தான் படிச்சேன், வயசுக்கு வர்ற பருவத்துல தூக்கம் வர வைக்கிற மெலடோனின் சுரக்குற நேரமே தள்ளிப் போயிடுமாம், பத்து மணிக்குப் படுக்கச் சொன்னா படுத்துக்கிட்டு மோட்டுவளைய பாத்துட்டு தான் கிடக்கும். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014லயே பெரிய கிளாஸ் பசங்க ஸ்கூல காலைல எட்டரைக்கு முன்னாடி ஆரம்பிக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. இங்க ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். 13ல இருந்து 18 வயசுக்கு எட்டுல இருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேணுமாம், ஒண்ணு ரெண்டு வயசுக்கு பகல் தூக்கத்தோட சேத்து பதினொண்ணுல இருந்து பதினாலு. ரெண்டையும் கூட்டுனா கம்மியா பாத்தாலும் 19 மணி நேரம், எங்க வீட்டுல அத நான் பாத்ததே இல்ல.

மாமியார்கிட்ட இதப் படிச்சுக் காட்டுனேன், "பொம்பளப்புள்ள விடிஞ்சு தூங்குறா"ன்னு தினம் ஒரு பாட்டு பாடுவாங்கன்னு. முழுசா கேட்டாங்க. "அமெரிக்காவுல வாசல் தெளிக்க வேணாம் போல"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

29 மார்ச் 2025

நேத்து தமிழ் பேப்பர். ஈசின்னா. 10.15க்கு எழுத ஆரம்பிச்சு 1.15க்கு மணி அடிச்சாங்களாம், வெளிய வந்ததும் முத வார்த்தை "பையன் எங்க?"ன்னு. ஹால் டிக்கெட்ட தேடித்தான். அவன் தான் காலைல கையில வச்சிருந்தான்னு சந்தேகம். டிக்கெட் அவ பவுச்சுலயே இருந்துச்சு.

11 ஏப்ரல் 2025

"உங்க வீட்டுக்காரர் எங்க, கதையிலயே காணோமே"ன்னு நாலு பேரு கேட்டுட்டீங்க. இருக்காரு. டவுன்ஹால் ரோட்டுல ஒரு எலக்ட்ரிக்கல் கடைல வேலை, வர்றப்ப பத்து மணி ஆயிடும், வந்தா சோறு, சோறுக்கப்புறம் நியூஸ். முத குழந்தைக்கு ஒரு நாள் கூட கால் கழுவி விட்டதில்ல.

ஆனா நேத்து ராத்திரிய எழுதியே ஆகணும். இன்னிக்கு சயின்ஸ் எக்ஸாம், நேத்து அவனுக்குக் கடவாப்பல்லு முளைக்குது, ஒன்பது மணில இருந்து ஒரே வீல். அவ காதுல பஞ்ச வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவரு சட்டைய கூட கழட்டல, பாயச் சுருட்டி தோள்ல போட்டுக்கிட்டு அவனத் தூக்கிட்டு மொட்டைமாடிக்குப் போயிட்டாரு. பன்னெண்டு மணிக்கு போய்ப் பாத்தேன். தண்ணி டேங்க்க கையால தட்டி தட்டி அவனுக்கு சத்தம் காட்டிட்டு இருக்காரு, அவன் பதிலுக்குத் தட்டுறான். "நீ போய் படு, நாங்க வேலையா இருக்கோம்"னாரு.

கீழ வந்து அவகிட்ட சொன்னேன். பஞ்ச எடுத்துட்டு, "எனக்கு இப்படி பண்ணியிருக்காராம்மா?"ன்னா. நான் ஆமான்னு சொல்லிட்டேன்.

16 மே 2025

அழகர் ஆத்துல எறங்கி நாலாம் நாள் ரிசல்ட். 500க்கு 441. சயின்ஸ்ல 92. ஹைட்ரில்லா காப்பாத்திடுச்சு. வாழ்த்துன எல்லாருக்கும் நன்றி, நாளைக்குக் கொஞ்சம் எழுதணும், மனசுல ஒண்ணு கிடக்கு.

17 மே 2025

முதல்ல ரெண்டும் ஒரே வயசுன்னு ஜோக்கடிச்சேன்ல, எல்லாரும் சிரிச்சு ஹார்ட் எல்லாம் போட்டீங்க. அத வாபஸ் வாங்கிக்கிறேன்.

எதிர்சேவை பாக்க தல்லாகுளம் போனோம். கூட்டம் தெரியும்ல, மூச்சு விட முடியாது. என் கை மரத்துப் போச்சு, "ஏய், தம்பிய கொஞ்சம் தூக்குடி"ன்னேன். மாட்டேன்னா. வீட்டுல நாள் முழுக்க இடுப்புல வச்சிருக்கறவ வெளிய வந்தா தொடவே மாட்டா, இது ஜனவரில இருந்தே நான் பாத்துக்கிட்டு தான் இருக்கேன், பிரண்ட்ஸ் பாத்துடுவாங்கன்னு கௌரவம் பாக்குறான்னு நினைச்சேன். அத்தனை பேரு நடுவுல "அவ்ளோ கௌரவமாடி உனக்கு"ன்னு கேட்டுட்டேன். திரும்பி வர்ற வழி பூரா அவ எனக்குப் பத்தடி முன்னாடியே நடந்தா.

ரிசல்ட் வந்த ராத்திரி தான் சொன்னா. பொங்கல் லீவுல நாங்க பஸ்ல எங்க அம்மா ஊருக்குப் போனப்ப எனக்கு முன்னாடி சீட்டு, இவன வச்சுக்கிட்டு அவ பின் சீட்டு. பக்கத்துல ஒரு அம்மா, "எத்தன மாசம் ஆச்சும்மா உன் புள்ளைக்கு"ன்னு கேட்டுட்டு, அவ கழுத்தப் பாத்திருக்காங்க. தாலி இருக்கான்னு. அப்புறம் அவ மூஞ்சியப் பாத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்களாம். இவ "தம்பி"ன்னு சொல்ல வாயெடுத்திருக்கா, அதுக்குள்ள அவங்க திரும்பிட்டாங்க. பதினஞ்சு வயசு. நான் முன் சீட்டுல தூங்கிட்டு இருந்திருக்கேன்.

இத நாலு மாசம் யாருகிட்டயும் சொல்லல. நான் என்னடான்னா அவ காலு தொட்டில ஆட்டுன கதைய இங்க பெருமையா எழுதிட்டு இருந்தேன். அடுப்படில நின்னு சத்தத்துல கண்டுபிடிப்பேன்னு வேற. ஒரு நாள் கூட போய் "காலு வலிக்குதா"ன்னு கேட்டதில்ல, அந்த விரல்ல கயிறு பட்டு கறுத்துப் போயிருக்கு, நேத்து தான் பாத்தேன்.

என்ன மாத்தியிருக்கோம்னு கேப்பீங்க. பெருசா ஒண்ணும் இல்ல. வெளிய போனா அவன தூக்குறது நானோ அவரோ தான். தொட்டில ஆட்டுறது அவளா வந்தா தான், கூப்பிட மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானும் அவளும் மட்டும் ரெண்டு மணி நேரம் வெளிய போறதுன்னு வச்சிருக்கேன், பருத்திப்பால் குடிச்சுட்டு சும்மா நடந்துட்டு வர்றது. முத தடவ போனப்ப பேசுறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. அவ போனப் பாத்தா, நான் மாமியாருக்கு போன் போட்டு அவன் சாப்பிட்டானான்னு கேட்டேன். பருத்திப்பால் மட்டும் நல்லா இருந்துச்சு.

6 ஜூலை 2025

கேள்வி கேட்ட சிஸ்டருக்குப் பொம்பளப்புள்ள பொறந்திருக்கு, வாழ்த்துகள்! பையன் தங்கச்சிய தொடவே மாட்டேங்கிறான், ரூமுக்குள்ளயே உக்காந்திருக்கான்னு எழுதியிருக்கீங்க. விட்டுடுங்க சிஸ்டர். கையில திணிக்காதீங்க. எங்க வீட்டுல அவ முத தடவ அவனத் தொட்டது யாரும் பாக்காதப்ப, முப்பது நாள் கழிச்சு, நான் குளிச்சுட்டு வர்றேன், அவன் உள்ளங்காலுல தன் பேனாவால கோடு போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கா. நான் வந்தது தெரிஞ்சதும் பேனா மூடிய தேடுற மாதிரி நடிச்சா. நான் குளிக்கப் போற மாதிரி திரும்பிப் போயிட்டேன். பாத்ததா காட்டிக்காதீங்க, அது போதும்.

இன்னொருத்தர் போன் பத்தி கேட்டிருந்தீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ரெண்டு வயசுக்குள்ள ஸ்கிரீனே வேணாம், ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் அதிகபட்சம் ஒரு மணி நேரம். நான் இத பிரிட்ஜ்ல எழுதி ஒட்டுனேன். பெரியவ அதுக்குக் கீழ "38 வயசுக்கு மேல எவ்ளோ?"ன்னு எழுதி வச்சிருக்கா. அவனுக்குக் காட்டக்கூடாதுன்னா வீட்டுல யாருமே அவன் முன்னாடி எடுக்கக்கூடாது, இதுதான் கஷ்டம், அவள விட எனக்குத் தான் கை அரிக்குது. (அவ எழுதினதுல தப்பு இருக்கு, எனக்கு இப்ப 40.)

சின்னவன் அதுக்கு ஒரு தீர்வு கண்டுபிடிச்சான். அவ போன் ஒரு நாள் முழுக்கக் காணோம், சைலண்ட்ல வேற. மறுநாள் உலை வைக்க படியால அரிசி அள்ளுறேன், படில டங்குன்னு தட்டுது. அரிசி டிரம்முக்குள்ள படுத்திருக்கு. நாப்பத்தேழு மிஸ்டு கால், அதுல நாப்பது நாங்க தேடுறதுக்கு அடிச்சது.

சொல்ல மறந்துட்டேன், அவனுக்குப் பேச்சு வந்துடுச்சு. ம்மா, ப்பா, தா, காக்கா. அவளப் பாத்தா "பாப்பா". மாமியார் ஒரு வாரமா உக்கார வச்சு "அக்கா சொல்லு, அக்கா"ன்னு பாடம் நடத்துறாங்க. அவன் காக்காவ காட்டுறான்.

எங்க இருந்து பிடிச்சான்னு தெரியல. ஃபெப்ரவரிக்கு அப்புறம் நாங்க யாருமே அவள அப்படிக் கூப்பிடல. பால்காரர் தான்னு நினைக்கிறேன், அவரு மட்டும் மாத்திக்கவே இல்ல.

9 ஆகஸ்ட் 2025

பதினொண்ணாவதுக்கு இந்த வருஷத்துல இருந்து பப்ளிக் எக்ஸாம் கிடையாதுன்னு அறிவிச்சுட்டாங்க. அவ ஹால்ல ஆடுனா, அவனும் கூட ஆடுனான், என்ன விஷயம்னு அவனுக்குத் தெரியாது. அடுத்தது 2027ல பன்னெண்டாவது. அதுக்குள்ள ரெக்கார்ட் நோட்டு எதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும், தெரிஞ்சே கிழிப்பான்.

20 ஆகஸ்ட் 2025

இன்னிக்குப் புதன்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசி நாள். அவனுக்கு 16ல இருந்து 24 மாசத்துக்குள்ள போடுற பூஸ்டர், கூடவே தட்டம்மை ரூபெல்லா ரெண்டாவது டோஸ். அவளுக்கு 16 வயசுக்குப் போடுற டிடி, ஸ்கூல்ல போட்ட அன்னிக்கு லீவு போட்டுட்டா, பயந்து தான் போட்டான்னு எனக்கு அப்பவே தெரியும். அரை நாள் பர்மிஷன் வாங்கி ரெண்டு பேரையும் ஒரே ஆட்டோல கூட்டிட்டுப் போனேன். ஆட்டோல இருந்து எறங்குறப்ப நான் எதுவும் சொல்லல, அவளே அவன வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டா. யூனிஃபார்மோட. வரிசைல ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க. "தம்பி"ன்னா சத்தமா, யாரும் கேக்குறதுக்கு முன்னாடியே.

நர்ஸம்மா அட்டை ரெண்டையும் வாங்கிப் பாத்துட்டு, "முதல்ல யாரு?"ன்னாங்க. அவன் இடுப்புல இருந்துக்கிட்டே அவ கன்னத்துல விரல குத்தி "பாப்பா"ன்னான். நர்ஸம்மா சிரிச்சுட்டு, "சரி பாப்பா, நீ உக்காரு"ன்னாங்க. அவ என்னையப் பாத்தா. நான் கூரைல ஃபேன் எத்தன இருக்குன்னு எண்ணிட்டு இருந்தேன்.

ஊசிக்கு முன்னாடி கண்ண இறுக்கி மூடிக்கிட்டு என் கையப் பிடிச்சா. கை என் அளவு வந்துடுச்சு. சத்தம் போடல. அவனுக்குத் தொடைல ஒண்ணு கையில ஒண்ணு, ரோட்டுக்குக் கேக்குற மாதிரி கத்துனான், விட்டமின் ஏ சிரப்ப ஸ்பூன்ல காட்டுனதும் கத்துறத நிறுத்தி வாயத் திறந்தான், குடிச்சுட்டு விட்ட இடத்துல இருந்து கத்துனான்.

சாயங்காலத்துல இருந்து அவனுக்குக் காய்ச்சல், பாராசிட்டமால் குடுத்திருக்கேன். அவளுக்கு இடது கை தூக்க முடியல. ரெண்டும் சாப்பிடல, ரசஞ்சோறு பிசைஞ்சு ஒரே தட்டுல ரெண்டு வாய்க்கும் மாத்தி மாத்தி ஊட்டுனேன். பத்து மணிக்கு அவன் தொட்டில்ல சிணுங்குனான், நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன், கூப்பிடல. கீச்சு கீச்சுன்னு சத்தம் வந்துச்சு.

இப்ப மணி பதினொண்ணு. சத்தம் நின்னு அஞ்சு நிமிஷம் ஆச்சு. போய் அவ காலுல இருந்து கயித்த அவுக்கணும்.